காளான் பவளத்தின் அடிப்பக்கம்

என் கணவர் காவல்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருடம் ஊரையெல்லாம் சந்தேகப்பட்ட மனிதரை, போன வருடம் சாரல் காலத்தில் நான் சந்தேகப்பட ஆரம்பித்தேன். சனிக்கிழமைதோறும் குற்றாலத்தில் குளிக்கப் போகிறேன் என்று விடிந்ததும் கிளம்புவார். திரும்பி வரச் சாயங்காலம் ஆகும். கையில் இருக்கும் துண்டு மட்டும் மடிப்புக் கலையாமல் காய்ந்தே இருக்கும். சாரல் நேரத்தில் எங்கள் குத்துக்கல்வலசையில் கொடியில் போட்ட துணியே இரண்டு நாளானாலும் காயாது.

எங்கே போகிறார் என்று எனக்கு ஓர் ஊகம் இருந்தது. எங்கள் ஒரே மகள் மூன்று வருடம் முன்பு எங்களிடம் சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டு தூத்துக்குடிக்குப் போய்விட்டாள். இந்த வீட்டிலிருந்து யாரும் அங்கே கால் வைக்கக் கூடாது என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன். அவர் வாயே திறக்கவில்லை. அப்போதே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

ஒரு சனிக்கிழமை, உள்ளங்கை அகலத்தில் வட்டமான வெள்ளைக் கல் ஒன்றைக் கொண்டுவந்து டிவி பக்கத்தில் வைத்தார்.

“அஞ்சருவியில கெடந்துச்சுட்டி. தண்ணி விழுந்து விழுந்து எப்படிச் செதுக்கிருக்கு பாரு.”

“ஆம்பளைங்க குளிக்கிற பக்கமா, பொம்பளைங்க பக்கமா?”

“பொம்பளைங்க பக்கம் நான் எதுக்குப் போறேன்?”

பதில் கொஞ்சம் வேகமாகவே வந்தது.

பள்ளிக்கூடத்தில் இருபது வருடத்துக்கு மேல் விலங்கியல் நடத்தியவள் நான். என்னிடம் போய் இந்தக் கதை! நடுவில் வாய் இருந்த நீளக் கீறல். அதிலிருந்து விளிம்பு வரை மெல்லிய தகடுகள், காளானின் அடிமடிப்புகள் மாதிரி. காளான் பவளத்தின் எலும்புக்கூடு அது. குழியுடலிகள் தொகுதி, கடல் சாமந்தி இருக்கும் அதே வகுப்பு, கல் பவளங்களின் வரிசை. கடலைத் தவிர வேறெங்கும் வாழாது. அதை வைத்திருப்பதே சட்டப்படி குற்றம் என்பதுகூடப் போலீஸ்காரருக்குத் தெரியவில்லை.

அவர் குளியலறைக்குள் போனதும் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அடிப்பக்கம் பொடிப்பொடி முட்கள். மையத்தில் ஒரு வட்டத் தழும்பு. இளம் பருவத்தில் இது ஒரு காம்பால் பாறையில் ஒட்டியிருக்கும். வளர்ந்ததும் காம்பை முறித்துக்கொண்டு மணலில் தனியாக வாழப் போய்விடும். சிலவற்றில் தழும்பு நாளடைவில் மறைந்துவிடும். இதில் மறையவில்லை.

எங்கள் பள்ளி ஆய்வகத்திலும் இப்படி ஒன்று இருந்தது. மகள் என் வகுப்பில்தான் படித்தாள். செய்முறைத் தேர்வில் அதைப் பார்த்து, ‘பல உயிர்கள் சேர்ந்த கூட்டம்’ என்று எழுதினாள். மற்ற பவளங்கள் பெரும்பாலும் அப்படித்தான். இது ஒற்றை உயிர். ஒரு மதிப்பெண் குறைத்தேன். பெற்ற மகளுக்கே இப்படியா என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. அந்த வயதிலேயே அவ்வளவு பிடிவாதம். யாரிடமிருந்து வந்தது என்று இவர் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவரிடம் நேராகவே கேட்டேன்.

“தூத்துக்குடிக்குத்தான போயிட்டு வாறிய?”

அவர் உட்கார்ந்துவிட்டார். “அவதான் குடுத்துவிட்டா. அவங்க வீட்டு அலமாரியில பழைய காலத்துல இருந்து கெடந்துச்சாம்.”

“அதுக்கு அஞ்சருவின்னு எதுக்குப் பொய் சொன்னிய?”

“நானா சொன்னேன்? அம்மா கேட்டா அஞ்சருவியில கெடந்துச்சுன்னு சொல்லுங்கப்பான்னு அவதான் சொல்லிக் குடுத்தா. நானும் நல்ல பொய்யா இருக்கேன்னு வந்து சொன்னேன்.”

எனக்குக் கோபம்தான் வந்தது. பிறகு அந்தப் பவளத்தை மறுபடியும் கையில் எடுத்தேன். மதிப்பெண் போன விஷயம் அவளுக்கு மறந்திருக்க வழியே இல்லை. ஒரு நிமிடம்கூட என்னிடம் நிற்காது என்று தெரிந்துதான் அந்தப் பொய்யைக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள்.

அடுத்த சனிக்கிழமை விடிந்ததும் அவர் பழக்கதோஷத்தில் கொடியிலிருந்து துண்டை எடுத்தார். நான் வெளியே போகக் கட்டும் சேலையைக் கட்டி, பவளத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன்.

“துண்டு வேண்டாம்” என்றேன்.