ரம்பம் தனியாக இருந்த மூன்று மணி நேரம்

அடுத்த அறையிலிருந்து கறக், கறக் என்று சத்தம் வந்தது. பல்செட்காரர் கையிலிருந்த மெழுகுக் கத்தியைக் கீழே வைக்கவில்லை. நாடி பிடித்துப் பார்க்கும் வைத்தியரைப்போலக் கண்ணை மூடி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கேட்டார்.

"பிளாஸ்டிக்" என்றார், தனக்குத்தானே. "கெட்டி பிளாஸ்டிக். பச்சை டப்பாவோட மூடி. இருக்கட்டும், அது ஏற்கெனவே பாதி போனதுதான்."

எழுந்து போய்ப் பார்த்தால் பச்சை மூடியாகத்தான் இருக்கும். இந்தப் பதினொரு மாதத்தில் அவர் காது தப்புக் கணக்குப் போட்டதே இல்லை. மரம் என்றால் சத்தம் நிதானமாக, ஒரே சீராக வரும். தோல் என்றால் நடுநடுவே ஒரு பெருமூச்சு கேட்கும். துணி என்றால் சத்தமே வராது. அப்போதுதான் அவர் கத்தியை வீசிவிட்டு ஓடுவார்.

கடிப்பவன் பெயர் ரம்பம். மண் நிறத்து நாய். ஒரு காது எப்போதும் விறைப்பாக நிற்கும், மற்றொன்று நாலாய் மடித்த கைக்குட்டைபோலத் தொங்கும். பல்செட்காரரின் மனைவி ரயிலில் டிக்கெட் பரிசோதகர். மூன்று நாள் வண்டியில், இரண்டு நாள் வீட்டில். ஒரு தடவை வண்டி கடைசி ஸ்டேஷனில் நின்று காலியான பிறகு, பெட்டிக்குள் தனியாக உட்கார்ந்து சீட்டு மெத்தையைத் தின்றுகொண்டிருந்த குட்டியைக் கண்டுபிடித்தார். "டிக்கெட் இல்லாம வந்தவன். அபராதம் போட மனசு வரலை" என்று சொல்லிக் கோட்டுக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். கோட்டில் அன்றைக்கே இரண்டு பொத்தான் காணாமல் போயிற்று.

பல்செட்காரருக்கு வீட்டிலேயே தொழில். ஊரிலுள்ள பல் டாக்டர்கள் நோயாளிகளின் வாயை அச்சு எடுத்து அனுப்புவார்கள். இவர் மெழுகில் வடித்து, இளஞ்சிவப்பு ஈறு வைத்து, பல் பதித்துத் திருப்பி அனுப்புவார். முப்பது வருடமாக இதுதான் வேலை. யாருக்குச் செய்கிறோம் என்று முகம் தெரியாது, வாய் மட்டும்தான் தெரியும். அதனால் தெருவில் யாராவது சிரித்தால் அவர் கண் நேராக வாய்க்குத்தான் போகும். சில சமயம் முகம் மலர்ந்து, "நம்ம வேலை" என்று முணுமுணுப்பார். சில சமயம் வருத்தமாக, "வேற ஆளு" என்பார்.

அவருக்கு ஒரு விளையாட்டு உண்டு. ஒரு செட் வேலை முடிந்ததும், மேல்வரிசையையும் கீழ்வரிசையையும் இரண்டு கையில் பிடித்து டக் டக் என்று திறந்து மூடி, பேச வைப்பார். கேட்பதற்கு ஆள் ரம்பம்தான். "என்னடா ரம்பம், இன்னைக்கு எந்தக் கதவைத் தின்னே?" என்று பல் கேட்கும். ரம்பம் வாலை ஆட்டியபடி, பேசுகிற பல்லையே வைத்த கண் வாங்காமல் பார்க்கும். மனிதர்களைவிடப் பல்செட்டுகளின்மேல்தான் அதற்கு மரியாதை அதிகம்.

இந்த மகிழ்ச்சியான குடும்பத்தின் தலைக்குமேல் ஒரு கத்தி தொங்கியது. அந்தக் கத்தி கீழ்வீட்டில் இருந்தது.

வீட்டுச் சொந்தக்காரர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. தெருவே அவரை 'ஹெச்.எம். அம்மா' என்றுதான் கூப்பிடும். குறையிருந்தால் மாடியேறி வந்து சண்டை போடமாட்டார். சிவப்பு மையில் சீட்டு எழுதிக் கதவிடுக்கில் தள்ளுவார். 'வாசற்கதவின் நிலையில் பல்தடம். கவனிக்கவும்.' 'மாடிப்படிக் கைப்பிடியில் பல்தடம். இரண்டாம் முறை.' மூன்றாவது சீட்டைப் பல்செட்காரர் வேலை மேஜைக்கு எதிரே ஒட்டி வைத்திருந்தார். 'இன்னும் ஒரு பல்தடம் பார்த்தால் நாய் வெளியேற வேண்டும். உடன்போக விரும்புபவர்கள் போகலாம்.'

அந்த அம்மா மேலே வர நேர்ந்தால் தன் நீல ரப்பர் செருப்பைக் கழற்றி வெளியே விடமாட்டார். துணிப்பையில் போட்டுக் கையிலேயே வைத்துக்கொள்வார். ரம்பத்தின் கண்கள் அவர் முகத்துக்குப் போகாது, அந்தப் பைக்குத்தான் போகும். கிட்டாத காதலியைப் பார்ப்பதுபோல அது ஒரு பார்வை பார்க்கும், கல்லும் கரையும். ஹெச்.எம். அம்மா கரையமாட்டார்.

இதில் இன்னொரு சங்கடமும் இருந்தது. அந்த அம்மா வாயில் இருந்த மேல்வரிசைப் பல் பல்செட்காரர் செய்தது. ஏழு மாதமாகிறது, போட்ட நாளிலிருந்து குத்துகிறது. மூன்று முறை கொண்டுவந்து கொடுத்தார். "எங்கம்மா வலிக்குது?" என்று கேட்டால், "உள்ளதான். வாய்ல வேற எங்க வலிக்கும்?" என்பார். இவரும் ஒவ்வொரு முறையும் பயந்து பயந்து மயிரிழை மயிரிழையாகத் தேய்ப்பார். கொஞ்சம் கூடுதலாகத் தேய்த்துவிட்டால் பிடிப்புப் போய், பல் பேசும்போது கீழே விழுந்துவிடுமே என்ற பயம். முப்பது வருட அனுபவமும் அந்த ஒரு வாயின் முன்னால் தோற்றுப் போனது. ஆப்பிள் கடித்து எத்தனை நாளாயிற்று என்று அந்த அம்மா ஒரு தடவை சொன்னபோது, பல்செட்காரர் மேஜைமேல் இருந்த ஆப்பிளை மெதுவாக இழுப்பறைக்குள் தள்ளினார்.

நான்காவது முறையாகப் பல்லைக் கொடுத்துவிட்டு, கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு அந்த அம்மா சொன்னார்: "நாளைக்கு சாயந்தரம் ஆறு மணிக்கு வருவேன். அடுத்த நாள் காலையில என் தம்பி வர்றான். ஒன்பது வருஷம் கழிச்சு வர்றான். அவன் முன்னாடி கைக்குட்டையோட நிக்கமாட்டேன்."

அந்த 'நாளைக்கு' என்பதுதான் பல்செட்காரரின் வாழ்க்கையில் மிக முக்கியமான நாளாகவும் அமைந்தது. அவர் மனைவிக்கு இருபத்தைந்து வருட சேவைக்காக ஸ்டேஷனில் பாராட்டு விழா. பிற்பகல் இரண்டு மணிக்கு. மேடையில் கேடயம் கொடுக்கிறார்கள். போன வருடக் கடைசியிலிருந்து ரம்பத்தைக் காரணம் சொல்லிப் பல்செட்காரர் ஒரு கல்யாணத்துக்கும் போகவில்லை, ஒரு சினிமாவுக்கும் போகவில்லை. மனைவி குரலை உயர்த்தாமல் சொன்னார்: "நீங்க வரலைன்னா நான் மேடை ஏறமாட்டேன். கேடயத்தை அந்த ரம்பத்துக்கிட்டயே குடுத்துரச் சொல்லுங்க."

ஒரு மணி நேரம் பார்த்துக்கொள்கிறேன் என்று பெரிய மனதோடு முன்பு ரம்பத்தை அழைத்துப்போன நண்பர், நாற்பதாவது நிமிடத்தில் அதைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். கூடவே ஒரு சோபா மெத்தையின் மிச்சத்தையும் கொண்டுவந்தார். ஆகவே தனியாக விடுவதுதான் வழி.

ஒத்திகை மூன்று வாரம் நடந்தது. பல்செட்காரர் சட்டை மாற்றுவார், சாவியைக் குலுக்குவார், கதவைப் பூட்டிவிட்டுப் படியில் போய் உட்காருவார். முதல் நாள் இரண்டு நிமிடம், அடுத்த நாள் ஐந்து. படியில் உட்கார்ந்து கதவில் காதை வைத்துக் கேட்பார். மேலே வந்த தபால்காரர் ஒருநாள் கேட்டுவிட்டார்: "என்ன சார், அம்மா வெளிய தள்ளிட்டாங்களா?"

"இல்லப்பா. நாயைப் பழக்கிட்டிருக்கேன்."

"எதுக்கு?"

"நான் இல்லாம இருக்கறதுக்கு."

தபால்காரர் கொஞ்சம் யோசித்தார். "உள்ள சத்தமே இல்லையே சார். அது பழகிடுச்சு. உங்களைத்தான் இன்னும் பழக்கணும்போல."

அந்த நாளும் வந்தது. காலையிலிருந்து வீட்டில் ஒரு பெரிய இடப்பெயர்ச்சி. செருப்புகள் குளிர்சாதனப் பெட்டிக்குள் போயின. டிவி ரிமோட் அரிசி டப்பாவுக்குள் போனது. நாற்காலிகள் மேஜைமேல் ஏறின. கதவு நிலைகளில் மிளகுத்தூள் குழைத்துப் பூசினார். ஜன்னல் திரைகளைச் சுருட்டி மேலே கட்டினார். ரம்பத்துக்கென்று இரண்டு எலும்பு, ஒரு கயிற்றுப் பந்து. எல்லாம் முடிந்து புதுச்சட்டை போட்டு நின்றபோது, ரம்பம் அவர் காலடியில் உட்கார்ந்து, நிற்கிற காதையும் தொங்கப் போட்டுக்கொண்டு அவரை அண்ணாந்து பார்த்தது.

அந்தப் பார்வையில் மனிதர் உடைந்துபோனார். என்ன செய்கிறோம் என்று தெரியாமலே மேஜையிலிருந்த ஹெச்.எம். அம்மாவின் மேல்வரிசையை எடுத்தார். கீழ்வரிசைக்குப் பதிலாகத் தன் உள்ளங்கையையே வைத்து டக் டக் என்று ஆட்டினார். "போயிட்டு வந்துடுவார்டா. மூணு மணி நேரம்தான். சமர்த்தா இரு" என்றது பல். ரம்பம் வாலை லேசாக ஆட்டியது. இவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பல்லைப் பக்கத்து முக்காலியில் வைத்துவிட்டு, கதவைப் பூட்டி, திரும்பிப் பார்க்காமல் இறங்கினார்.

முக்காலியில் வைத்தார். அலமாரியில் அல்ல.

விழாவில் அவர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். மனைவி மேடை ஏறியதும் கேடயத்தைப் பார்க்கவில்லை. கூட்டத்தில் அவரைத் தேடினார். கண்டுபிடித்ததும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த நொடியில் பல்செட்காரர் வாழ்க்கையில் முதன்முறையாக ஒருவர் சிரிக்கும்போது பல்லைக் கவனிக்காமல் முகத்தைக் கவனித்தார். கைதட்டிக் கைதட்டி உள்ளங்கை சிவந்துவிட்டது. மனைவிக்கு அங்கிருந்தே அடுத்த வண்டியில் பணி. "ஓடுங்க. உங்க புள்ள காத்திருக்கும்" என்று அனுப்பி வைத்தார்.

ஐந்து மணிக்குக் கதவைத் திறந்தார். சத்தமில்லை. கதவு நிலை அப்படியே இருந்தது. நாற்காலி, திரை, சுவர், எல்லாம் அப்படி அப்படியே. அவருக்கு ஆனந்தத்தில் கத்த வேண்டும்போல் இருந்தது. ரம்பம் வேலை மேஜைக்கு அடியில் படுத்திருந்தது. முன்னங்கால்களுக்கு நடுவே, குழந்தையை அணைத்திருப்பதுபோல, ஹெச்.எம். அம்மாவின் பல்.

அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

மனைவிக்குப் போன் போட்டார். வண்டிச் சத்தத்துக்கு நடுவே அவர் குரல் வந்தது: "பல்லு உடைஞ்சிருக்கா?"

"பல்லு எல்லாம் நல்லா இருக்கு. ஈறுலதான், கடைசி ஓரத்துல. ஒரு நகத்துண்டு அளவுக்குக் காணோம்."

"சரி பண்ண முடியுமா?"

"பிசிறைத் தேய்க்கலாம். ஆனா அந்தம்மாகிட்ட என்ன சொல்றது? சொன்னா இவனை வெளிய அனுப்பிடுவாங்க."

"நடந்ததைச் சொல்லிடுங்க. உங்களுக்குப் பொய் சொல்ல வராது, காது சிவந்துடும். அனுப்பினா மூணு பேரும் சேர்ந்து வேற வீடு பார்ப்போம். அழாதீங்க."

"அழலை."

"நான் டிக்கெட் செக் பண்றவ. எனக்குத் தெரியும்."

பிசிறைத் தேய்த்தார். மெருகு போட்டார். சோப்புப் போட்டுக் கழுவி, கிருமி மருந்தில் ஊறவைத்து, மறுபடி கழுவிச் சுத்தமான கிண்ணத்தில் வைத்தார். வேறு வேலையே ஓடவில்லை. சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஆறு அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே ஹெச்.எம். அம்மா வந்துவிட்டார். ஒரு கையில் கைக்குட்டை, மறு கையில் செருப்புப் பை. முதலில் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கதவு நிலையை விரலால் தடவிப் பார்த்தார். விரலை முகர்ந்து ஒரு தும்மல் போட்டார்.

"பல்தடம் இல்லை. பரவாயில்லை" என்றார்.

"அம்மா, ஒரு விஷயம் சொல்லணும். அதைக் கேட்டுட்டு அப்புறம்..."

"அப்புறம் சொல்லுங்க." கிண்ணத்திலிருந்து பல்லை எடுத்து, சுவர்ப்பக்கம் திரும்பி மாட்டிக்கொண்டார். பல்செட்காரர் தடுக்க நீட்டிய கை பாதியில் நின்றது.

சுவரைப் பார்த்தபடியே அந்த அம்மா நின்றார். கன்னத்துக்குள் நாக்கு இடமும் வலமும் போய்வருவது தெரிந்தது. ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். பிறகு திரும்பினார். கைக்குட்டை கீழே இறங்கியிருந்தது.

"ஆப்பிள் இருக்கா?"

பரிசோதனைக்கென்று அவர் எப்போதும் ஆப்பிள் வைத்திருப்பார். நறுக்கக் கத்தியை எடுத்தார். அந்த அம்மா முழு ஆப்பிளையே வாங்கி வாயருகே கொண்டுபோனார்.

கறக்.

மேஜைக்கு அடியிலிருந்து ரம்பத்தின் இரண்டு காதும் ஒன்றாக எழுந்து நின்றன. ஹெச்.எம். அம்மா கண்ணை மூடிக்கொண்டு மென்றார். மூடிய இமையோரத்தில் ஒரு துளி திரண்டு, கண்ணாடிக்கு அடியில் வழிந்தது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

"ஏழு மாசம்" என்றார். "மூணு தடவை. இப்ப மட்டும் என்ன பண்ணினீங்க?"

'நான்தான்' என்று சொல்ல நினைத்ததுமே பல்செட்காரரின் காது சிவந்தது. "நான் பண்ணலைம்மா."

"பின்ன?"

அவர் மேஜைக்கு அடியில் கையைக் காட்டினார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார், தான் பல்லைப் பேச வைத்தது உட்பட. "சுத்தமாக் கழுவி மருந்துல போட்டுத்தான் வச்சேன். ஆனாலும் மறைக்க மனசு வரலை. புதுசா ஒண்ணு செஞ்சு தரேன். இவனுக்கு மட்டும் கொஞ்சம் அவகாசம்..."

"எந்தப் பக்கம் கடிச்சான்?"

"இடது பக்கம். கடைசி ஓரம்."

அந்த அம்மா தன் இடது கன்னத்தைத் தொட்டுக்கொண்டார். "அதே இடம்தான்" என்று மெல்லச் சொன்னார். பிறகு மேஜையின் பக்கம் குனிந்து, முப்பது வருடம் வகுப்புகளை அடக்கிய குரலில், "இங்க வாடா" என்றார். யார் கூப்பிட்டாலும் வராத ரம்பம் எழுந்து வந்து அவர் முன்னால் ஒழுங்காக உட்கார்ந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"புதுசு வேண்டாம்" என்றார் நிமிர்ந்து. "ஆனா இது வெளிய போகக் கூடாது. என் தம்பி காதுக்குப் போகவே கூடாது."

"சொல்லமாட்டேம்மா."

"அவனும்."

"அவனும் சொல்லமாட்டான்."

மிச்ச ஆப்பிளைக் கையில் பிடித்தபடி ஹெச்.எம். அம்மா வாசலுக்குப் போனார். பையிலிருந்து நீலச் செருப்பு இரண்டையும் எடுத்தார். வலது செருப்பைக் காலில் மாட்டினார். இடது செருப்பைச் சிறிது நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதை வாசலுக்கு உட்புறம், மிதியடிமேல் வைத்துவிட்டு, வெளியே போய்க் கதவைத் தானே சாத்தினார்.