ஜெர்மன்காரி கேட்ட புட்டு

என் மாமா தன் காரின் கம்பெனிப் பெயரை வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை. அந்தக் காலத்துப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்லாமல் இருந்ததுபோல அவரும் சொல்லமாட்டார். "ஜெர்மன் வருது, நவுருங்கடா", "ஜெர்மன் மேல கோழிய ஏற வுடாதீங்க" என்றுதான் பேச்சு. நைனார்பாளையம் முழுக்க அதற்கு அதே பெயர் நிலைத்துவிட்டது.

மாமாவுக்கு மரவள்ளிக்கிழங்கு வியாபாரம். கல்வராயன் மலையில் கிழங்கு பிடுங்கி லாரியில் ஜவ்வரிசி ஆலைகளுக்கு அனுப்புவார். கையில் கொஞ்சம் காசு சேர்ந்த வருஷம் பெங்களூருக்குப் போனவர், சாம்பல் நிறத்தில் ஒரு பழைய ஜெர்மன் காரோடு திரும்பிவந்தார். ஒரு டாக்டரம்மா ஓட்டிய வண்டியாம். "இப்ப அவங்க இல்லைங்க" என்று புரோக்கர் சொன்னாராம். ஊரில் இல்லையா, உலகத்திலேயே இல்லையா என்று மாமா கேட்டுக்கொள்ளவில்லை. பின்னால் அந்த ஒரு வார்த்தை என்ன பாடு படுத்தியது தெரியுமா?

முழுப்பரீட்சை லீவுக்கு நான் மாமா வீட்டில்தான் இருப்பேன். அந்த லீவு முழுக்க ஜெர்மனுக்குப் பணிவிடை செய்தே கழிந்தது. கள்ளக்குறிச்சி மெக்கானிக் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுல இஞ்சின் எங்கண்ணே? எல்லாத்தையும் மூடி போட்டு மூடி வெச்சிக்கிறான்" என்று சொல்லி, கருவறைக் கதவைச் சாத்துவதுபோல மெதுவாக மூடினார். ஒரு விளக்கு உடைந்தாலும் சென்னையிலிருந்து வரவேண்டும். தெருவிலிருந்த வேகத்தடையில் அதன் அடிவயிறு உரசும்போதெல்லாம் மாமா தன் வயிற்றைப் பிடித்துக்கொள்வார். கிழங்குக் கோணிகளுக்குப் பக்கத்தில், தகரக் கொட்டகையில் அது நிற்கும். சாவியை எடுத்த பிறகும் உள்ளே எதுவோ கொஞ்ச நேரம் உஸ் உஸ்ஸென்று ஓடிக்கொண்டே இருக்கும். நான் கொட்டகையைத் தாண்டும்போது ஓடித்தான் தாண்டுவேன்.

வீட்டுக்கு யார் வந்தாலும் மாமா ஜெர்மனின் பூர்வீகக் கதையைச் சொல்லாமல் விடமாட்டார். அந்தக் கம்பெனியை உண்டாக்கிய ஆள் குதிரையில்லாத வண்டியைச் செய்து வைத்தும் யாரும் நம்பவில்லையாம். அவர் பெண்டாட்டி ஒருநாள் விடிகாலையில், புருஷனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், இரண்டு பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு அந்த வண்டியைத் தானே ஓட்டித் தாய் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாளாம். வழியில் எண்ணெய் தீர்ந்து மருந்துக் கடையில் வாங்கி ஊற்றினாளாம். குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பியில் குத்தியிருந்த ஊசியை எடுத்துக் குத்திவிட்டாளாம். அதைப் பார்த்துத்தான் உலகமே கார் வாங்க ஆரம்பித்ததாம். "அந்தம்மா மட்டும் அன்னிக்கிப் போவலன்னா இன்னிக்கி நாமெல்லாம் மாட்டு வண்டிதான்" என்று முடிப்பார்.

அத்தை, அதாவது மாமாவின் மனைவி, கதவோரம் நின்று கேட்பாள். ஒருநாள் மட்டும், "போய்ச் சேந்தாங்களா? அவங்கம்மா வூட்ல இருந்தாங்களா?" என்று கேட்டாள். கதையில் அது முக்கியமில்லை என்பதுபோல மாமா காப்பியை உறிஞ்சினார்.

அத்தைக்கு அது முக்கியம். அவள் பிறந்த வீடு வடக்கனந்தலைத் தாண்டி மலையடிவாரத்தில் இருந்தது. அங்கே ஒரு காதுகுத்தில் சந்தனக் கிண்ணத்தை மாமாவுக்கு நீட்டாமல் பக்கத்தில் இருந்தவருக்கு முதலில் நீட்டிவிட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது. "இனிமே அந்த வூட்டு வாசப்படிய மிதிச்சா நான் ஆம்பள இல்ல. நீயும் மிதிக்கக் கூடாது" என்று மாமா எழுந்து வந்துவிட்டார். அப்புறம் அத்தை அந்தப் பக்கமே போகவில்லை. அவளுடைய அம்மா படுத்த படுக்கையாகிவிட்டாள் என்றும், சோறு இறங்கவில்லை என்றும், யார் வந்தாலும் மகள் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறாள் என்றும் கிழங்கு லாரிக்காரர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். அத்தை சோறு வடிக்கும்போது அழுவாள். கேட்டால் ஆவி பட்டுவிட்டது என்பாள். எனக்கு அவளைப் பார்க்க அவ்வளவு வருத்தமாக இருக்கும்.

இந்த நேரத்தில்தான் ஜெர்மன் பேச ஆரம்பித்தது. பாட்டு வைக்கிறேன் பேர்வழி என்று மாமா திரையில் எதையெதையோ அமுக்கினார். அன்று முதல் வண்டி கிளம்பினாலே உள்ளிருந்து ஒரு பெண் குரல் வந்தது. கோபமில்லாத, அவசரமில்லாத குரல். என்ன பாஷை என்று யாருக்கும் பிடிபடவில்லை. நிறுத்தவும் தெரியவில்லை. "பிட்டே வெண்டென்" என்று சொல்லும். கொஞ்ச தூரம் போனதும் அதையே மறுபடி சொல்லும். மாமா முதலில் பெருமைப்பட்டார். "அந்தக் கம்பெனிக்கார அம்மாதான் பேசுது" என்று என்னிடம் கண்ணடித்தார். நான் அதை அப்படியே நம்பிவிட்டேன். விடிகாலையில் தாய் வீட்டுக்குக் கிளம்பியவள் இன்னும் வண்டியை விட்டு இறங்கவில்லை என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது.

ஒரு மத்தியானம், தெருவில் காக்கைகூட இல்லாத உச்சி வெயிலில், நான் தண்ணீர் குடிக்க எழுந்தேன். பூஜை அறையில் அத்தை உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் ஜெர்மனின் இரண்டு சாவிகளும் இருந்தன. ஒன்று மாமா வைத்திருப்பது, வேல் தொங்கும் வளையத்தோடு. இன்னொன்று சாமி படத்துக்குப் பின்னால் சும்மா கிடப்பது. இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அத்தை வளையத்தைக் கழற்றி மற்ற சாவியில் மாட்டிக்கொண்டிருந்தாள். "தொடைச்சி வெக்கிறேன் பாப்பா" என்றாள். நான் தண்ணீர் குடித்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் மாமா வெளியே கிளம்பினார். நானும் கொட்டகை வரை போனேன். அவர் கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைக்கப் போனார். அப்போது ஓட்டுகிற சீட் தானாக நகர்ந்தது. ஊங்ங் என்று மெல்லிய சத்தத்தோடு முன்னால் போயிற்று, கொஞ்சம் உயர்ந்தது, முதுகை நிமிர்த்திக்கொண்டது. பக்கக் கண்ணாடிகள் இரண்டும் தலை குனிந்தன. குள்ளமான ஒருத்தி உட்கார்ந்து பார்க்கத் தோதாக எல்லாம் அமைந்து நின்றது. உள்ளே யாருமில்லை. கிழங்கு மாவு வாசனையும் எங்கள் மூச்சுச் சத்தமும்தான்.

மாமா கதவைச் சாத்திவிட்டு மறுபடி திறந்தார். சீட் அப்படியே இருந்தது. அவருடைய வயிறு நுழையாத இடத்தில் யாரோ ஏற்கெனவே உட்கார்ந்திருப்பது போலவே இருந்தது. "அந்த டாக்டரம்மா" என்று மட்டும் சொன்னார். ராத்திரியே அவருக்குக் காய்ச்சல் கண்டது.

மலைப் பக்கத்திலிருந்து பூசாரி ஒருவர் வந்தார். வண்டியைச் சுற்றி எலுமிச்சம்பழம் வைத்து, மஞ்சள் தண்ணீர் தெளித்து, மாமாவை வெளியே நின்றபடியே கையை மட்டும் உள்ளே நீட்டிச் சாவியைத் திருகச் சொன்னார். கொட்டகைக்குள் அந்தக் குரல் எழுந்தது. பிட்டே வெண்டென். பூசாரி கண்ணை மூடிக் காது கொடுத்தார். அவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது.

"இன்னாமா கேக்கறா இவ?" என்று பொதுவாகக் கேட்டார்.

அத்தை முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு, "புட்டு வேணும்னு கேக்கற மாரி கீதுங்க" என்றாள்.

அவள் அப்படிச் சொன்ன பிறகு, எங்கள் எல்லோருக்கும் அது அப்படித்தான் கேட்டது. புட்டு வேண்டும். புட்டு வேண்டும். இத்தனை நாள் காது எங்கே போயிருந்தது என்று பக்கத்து வீட்டுக்காரர்கூடத் தலையில் அடித்துக்கொண்டார். எங்கள் பக்கத்தில் பெண் வயதுக்கு வந்தால் புட்டு சுற்றுவார்கள். பெண்ணின் வாழ்க்கையில் புட்டு என்றால் அது தாய் வீட்டுச் சமாசாரம். பூசாரிக்குச் சட்டென்று வழி திறந்துவிட்டது.

"தாய் வூட்டுப் புட்டு கேக்குறா. துன்னாம போய்ட்டா போல. குடுத்தா எறங்கிடுவா."

"அவ தாய் வூட்டுக்கு நான் எங்க போறது? பெங்களூருக்கா, ஜெர்மனிக்கா?" என்று மாமா முனகினார்.

"நீ எதுக்கு அங்க போற? இந்த வூட்டுக்கு வந்துட்டா இல்ல? இந்த வூட்டுப் பொம்பளைக்கு எது தாய் வூடோ, அதான் அவளுக்கும். வண்டியோட போயி, வூட்டு ஆம்பள உள்ள போயி, கை நீட்டி வாங்கியாந்து வெக்கணும்."

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பிறகு, "சரி, கெளம்பச் சொல்லு" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. அத்தை அடுத்த நொடி சாவியை எடுத்துக்கொண்டு உள்ளே போயிருந்தாள். அவள் திரும்பக் கொண்டுவந்து மாமா கையில் கொடுத்த சாவியிலும் அதே வேல் தொங்கியது. கதவைத் திறந்தார். சீட் அவருக்கு ஏற்ப இறங்கிப் பின்னால் போய் அசையாமல் நின்றது. "மனசு எறங்கிட்டா" என்றார் பூசாரி.

நான் பின்சீட்டில், அத்தை முன்னால். வழியெல்லாம் குரல் புட்டு கேட்டுக்கொண்டே வந்தது. மாமா, "வாங்கித் தரேம்மா, வாங்கித் தரேன்" என்று பதில் சொல்லிக்கொண்டே ஓட்டினார். கச்சிராயபாளையம் தாண்டியதும் மலை கிட்டே வந்துவிட்டது. வெயிலில் மலை அசைவதுபோலத் தெரிந்தது. வடக்கனந்தல் கரும்புக் காட்டுக்குள் திரும்பினோம். அங்கிருந்து குரல் நின்றுபோனது. ஒரு வார்த்தை இல்லை. பேசினபோது இருந்த பயத்தைவிட இந்த மௌனம் எனக்கு ஜாஸ்தி பயமாக இருந்தது. நான் காலைத் தூக்கிச் சீட்டின் மேல் வைத்துக்கொண்டேன்.

அத்தையின் அம்மா வீட்டு வாசலில், வேப்பமரத்தடியில் வண்டி நின்றது. மாமா இன்னும் சாவியைத் திருப்பவில்லை. அப்போது குரல் மறுபடி வந்தது. ஆனால் இந்த முறை புட்டு கேட்கவில்லை. அதுவரை சொல்லாத வேறொன்றைச் சொன்னது. "ஸீ ஹாபன் தாஸ் ட்ஸீல் எர்ரைஷ்ட்." ஒரே ஒரு தடவைதான். அத்தை அந்தத் திரையைப் பார்த்து, வீட்டு மனுஷியிடம் சொல்வதுபோல, "ஆமாம்மா, வந்துட்டோம்" என்று சொல்லிவிட்டு இறங்கி ஓடினாள்.

மாமா அந்த வாசற்படியை மிதித்தார். அவசரமாக மாவு நனைத்துப் புட்டு அவித்தார்கள். எழுந்து உட்காரவே முடியாத அத்தையின் அம்மா, படுத்தபடியே ஒரு பிடி எடுத்து முதலில் மகள் வாயில் வைத்தாள். அத்தை தின்னவும் முடியாமல் அழவும் முடியாமல் இருந்தாள். பிறகு அந்த அம்மா மாமாவைப் பார்த்து, "வாங்க மாப்ள" என்றாள். மாமா ஒரு வாழையிலைத் துண்டில் புட்டை வாங்கிக்கொண்டு போய், முன்சீட்டில் வைத்துக் கும்பிட்டார். ஆடி பிறப்பதற்குள் அந்த அம்மா போய்விட்டாள். அதுவரை அத்தை அங்கேயேதான் இருந்தாள். பாடையின் ஒரு பக்கம் மாமாவின் தோளில் இருந்தது.

வளர்ந்து, சென்னையில் வேலைக்காக ஜெர்மன் வகுப்பில் சேர்ந்தேன். முதல் வாரம் கொடுத்த தாளின் அடியில் இரண்டு வார்த்தைகள் இருந்தன. ஆசிரியர் வாய்விட்டுப் படித்தார். பிட்டே வெண்டென். பக்கத்தைத் திருப்பவும் என்று அர்த்தமாம். வண்டியில் என்றால், தயவுசெய்து வண்டியைத் திருப்பவும். வண்டிக்குள் வழி சொல்லும் கருவியில் அந்த டாக்டரம்மாவின் வீட்டு விலாசம் இருந்திருக்கும். எங்கே போனாலும் அந்த வீட்டுக்குத் திரும்பச் சொல்லி அது கேட்டிருக்கிறது. எந்தச் சாவியோடு யார் உட்கார்ந்தார்களோ, அந்தச் சாவிக்கு அவர்கள் அளவில் சீட்டை நகர்த்திவைக்கும் ஞாபகம் அந்த வண்டிகளுக்கு உண்டு என்பதும் தெரிந்தது. அத்தை எந்த மத்தியானத்தில் சாமி படத்துச் சாவியோடு அந்தச் சீட்டில் ஏறி உட்கார்ந்து கண்டுபிடித்தாளோ, அவளும் குள்ளம்தான். நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

கடைசியில் கேட்ட அந்த வாக்கியத்துக்கு அர்த்தம் தெரிந்த அன்றுதான் சிரிப்பு நின்றது. நீங்கள் சேரவேண்டிய இடத்துக்கு வந்துவிட்டீர்கள். அந்த வேப்பமரம் எந்த வரைபடத்தில் இருந்தது? யார் அதற்குச் சொன்னது? அன்றைக்கே அத்தைக்கு போன் போட்டேன்.

"சாவிய மாத்தினது நான்தான் பாப்பா. புட்டும் நான் கட்டி வுட்டதுதான். கடைசியா அது பேசிச்சே, அது எனக்குத் தெரியாது" என்றாள்.

"தெரியாமயா 'ஆமாம்மா, வந்துட்டோம்'னு பதில் சொன்னீங்க? ஜெர்மன் பாஷை உங்களுக்கு எப்படிப் புரிஞ்சுது?"

அந்தப் பக்கம் கோழி கத்துவது கேட்டது.

"இதுல புரியறதுக்கு இன்னா கீது? தாய் வூட்டு வாசல்ல வண்டி நின்னா, பொம்பள வேற இன்னா சொல்லுவா?"