நண்டுக்குச் சேர வேண்டிய சங்கு

மாமா ஷூ போடுவதற்கு முன் அதைக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டி, "உள்ள யாராவது இருக்கீங்களா?" என்று கேட்பார். பதினைந்து வருடமாகப் பார்த்தேன்.

"பதில் வந்தா வாடகை கேளுங்க" என்பாள் அத்தை.

துறைமுக அலுவலகத்தில் அவர் குமாஸ்தா. வருடத்துக்கொரு முறை ஆளில்லாத ஒரு தீவுக்குப் போய் அறிக்கை எழுதி வர வேண்டும். தீவைச் சுற்றி நடக்க நாற்பது நிமிடம் போதும். மேற்கே காலைக் கிழிக்கும் பவளப்பாறை, கிழக்கே ஆமைகள் முட்டையிடும் மணல், நடுவே தாழம்புதர், தலைக்கு மேல் ஓயாமல் திட்டும் ஆலாப் பறவைகள். கரையெங்கும் காலிச் சங்குகளில் குடியிருக்கும் நண்டுகள். மக்கள்தொகைக் கட்டத்தில் "இல்லை" என்று எழுதிவிட்டுப் படகேறுவார்.

ஒருமுறை அழகான சங்கு ஒன்றைக் கொண்டுவந்து, அலுவலக மேசைக் காகிதங்கள் பறக்காமலிருக்க வைத்தார். மறுவருடம் தீவில் ஒரு நண்டு பாட்டில் மூடியை மாட்டிக்கொண்டு, பாதி உடம்பு வெளியே தெரிய, அவர் ஷூவுக்குள் நுழையப் பார்த்ததாம். அன்று தொடங்கியது இந்தத் தட்டல்.

சங்கைத் திருப்பிக் கொடுக்கலாமென்றால், அதற்குள் அலுவலகம் அதை இருப்புப் பதிவேட்டில் ஏற்றி, மேலே எண்ணும் எழுதிவிட்டிருந்தது.

"பையில போட்டுக்கிட்டுப் போயிடுங்க மாமா."

"முதல்ல அப்படித்தானேடா தூக்கிட்டு வந்தேன். திரும்பவுமா?"

ஓய்வு பெறும் வருடம், கடைசிப் பயணத்துக்கு முன், குடும்பத்தின் முதல் பட்டதாரியான என்னை விண்ணப்பம் எழுதச் சொன்னார். மூன்று பக்கம் எழுதினேன். இருவருமாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம். மேலதிகாரி பொறுமையாகப் படித்தார்.

"யார் வாங்கிக்கிறது?"

"நண்டு சார்" என்றார் மாமா.

"கையெழுத்துப் போடுமா?"

"கொடுக்கு இருக்கு சார்."

"நக்கலா? அங்க யாருமே இல்லன்னு வருஷா வருஷம் எழுதினது யாருய்யா?"

"நான்தான் சார்."

மூன்று பக்கத்தில் இதற்கு மட்டும் நான் பதில் எழுதியிருக்கவில்லை. நீளமாக எழுதத்தான் படித்தேனோ என்று இன்றும் தோன்றுகிறது.

மாமா வெறுங்கையோடு தீவுக்குப் போனார். அந்த முறை மக்கள்தொகைக் கட்டத்தில், "ஒருவர். வீடில்லை" என்று எழுதினார். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. பதில் எழுதுவதற்குள் மாமா போய்ச் சேர்ந்துவிட்டார்.

போன வாரம் அந்த அலுவலகத்துக்குப் போனேன். மின்விசிறிக் காற்றில் என் விண்ணப்பத்தின் ஓரம் படபடத்துக்கொண்டிருந்தது. பறந்துவிடாமல் அதன் மேல் சங்கு உட்கார்ந்திருந்தது.