இரட்டை இறக்கை விமானமும் நைலான் நூலும்

வேலை போனதிலிருந்து நான் எதையுமே முழுதாக முடித்ததில்லை. பழைய போர் விமானத்தின் சிறிய மாடல் ஒன்றையாவது முடித்தே தீர்வது என்று படூர் வீட்டில் மூன்று மாதம் உட்கார்ந்தேன். மேலும் கீழுமாக அதற்கு இரண்டு இறக்கைகள். நடுவே கம்பிகளுக்குப் பதிலாக நூல் கட்ட வேண்டும். கட்டும்போதெல்லாம் இறக்கை கோணிக்கொண்டது.

நல்ல நைலான் நூல் கேட்டு, மாடலோடு திருவிடந்தைக் கடற்கரைக்குப் போனேன். வலையைச் சரிசெய்துகொண்டிருந்த, என் வயதுள்ள மீனவர் ஒருவர், "இன்னாத்துக்கு?" என்றார்.

ஐம்பது வயதில் விமானப் பொம்மை செய்கிறேன் என்று சொல்லக் கூசியது. "பையனுக்கு" என்றேன். எனக்குப் பிள்ளையே இல்லை.

அவர் என் கையைப் பார்த்தார். "பசை உன் வெரல்ல கீது, பையன்ற. சரி, கொண்டா அண்ணாத்த."

மாடலைத் திருப்பிப் பார்த்தார். "ஒரே பக்கமா இழுத்துகினு போனா வலையும் இப்டித்தான் கோணிக்கும். இந்தாண்ட ஒரு முடிச்சு போட்டா, அந்தாண்ட ஒண்ணு போடு."

அவர் தந்த நூலில் அப்படியே கட்டினேன். இறக்கை நேராக நின்றது. முடித்த விமானத்தை அவரிடமே கொண்டுபோய்க் காட்டினேன்.

"பையன் நல்லா செஞ்சிகீறான்" என்றார், சிரிக்காமல்.

"நான்தாண்ணே செஞ்சேன்."

வேலை கேட்டுப் போகும் இடங்களில், இதுவரை என்ன செய்தீர்கள் என்று கேட்டால், இப்போது என் குரல் தடுமாறுவதில்லை. அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிப் பழகிவிட்டேன்.