சத்தத்தைப் பார்த்துக்கொண்டவர்

எங்கள் சபையில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. சின்னவர்களுக்கு மைக்செட் அண்ணன், பெரியவர்களுக்கு வெறும் மைக்செட். வாரத்தில் ஆறு நாள் கடைத்தெருவில் மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுவார். எரிந்துபோன மின்விசிறி, நின்றுபோன மிக்சி, தண்ணீர் ஏற்ற மறுக்கும் பம்பு எல்லாம் அவர் மேஜைக்கு வந்து உயிர் பெற்றுப் போகும். ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரைக்கே ஆலயத்துக்கு வந்துவிடுவார். கடைசி வரிசைக்குப் பின்னால், தூணை ஒட்டி, ஆம்ப்ளிஃபையர் இருக்கும். இருபத்திரண்டு வருடம் அதன் பக்கத்திலேயே நின்றார்.

ஒரு ஞாயிறுகூடத் தவறாதவர் என்று நாங்கள் பெருமையடித்துக்கொள்வோம். ஆனால் அத்தனை வருடத்தில் ஒரு பிரசங்கத்தையும் அவர் முழுதாகக் கேட்டதில்லை. அவர் காதில் விழுந்ததெல்லாம் சத்தம்தான். போதகர் கண்ணீரோடு ஜெபித்தால், மைக்கை வாய்க்கு ரொம்பக் கிட்டத்தில் பிடிக்கிறாரே என்று இவர் கை சத்தத்தைக் குறைக்கும் குமிழைத் தேடும். எல்லாரும் கண்ணை மூடும் நேரத்தில் திறந்து வைத்திருப்பதுதான் அவர் வேலை.

மனைவி நாலாவது வரிசையின் ஓரத்தில் உட்காருவார். தையல் வேலை செய்கிறவர், வாயாடாதவர். பக்கத்து இடத்தில் கைப்பையை வைத்திருப்பார். யாராவது கேட்டால், "அவரு வருவாரு" என்பார். சில வருடம் கழித்து அந்தப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"என்னங்க, ஒரு வாரமாச்சும் என் பக்கத்துல வந்து உக்காருங்களேன். ஆண்டவரே ஆறு நாள் வேலை பாத்துட்டு ஏழாம் நாள் ஓய்ஞ்சிருந்தாரு."

"அவருகிட்ட மைக்செட் இல்லையே. நான் உக்காந்தா பாஸ்டர் வாயசைக்கிறது மட்டும்தான் தெரியும்."

மனைவிக்கும் சிரிப்பு வந்துவிடும். அந்த வீட்டில் பல பேச்சுகள் இப்படிச் சிரிப்போடு நின்றுபோயிருக்கின்றன.

போன வருடம் அந்த அம்மாவுக்கு வயிற்றில் கட்டி என்றார்கள். அறுவை செய்தார்கள், மருந்து ஏற்றினார்கள், கடைசியில் வீட்டுக்கு அழைத்துப் போகச் சொல்லிவிட்டார்கள். ஜன்னலோரம் கட்டிலைப் போட்டார்கள். படுத்தபடியே ஆராதனையைக் கேட்கட்டும் என்று இவர் இரண்டு நாள் மெனக்கெட்டு, ஆலயத்து ஒலி நேராக மனைவியின் போனில் வரும்படி செய்தார். துளி இரைச்சல் இல்லை. ஞாயிறு காலை போனைத் தலைமாட்டில் வைத்துவிட்டு, கல்லூரியில் படிக்கும் மகளைப் பக்கத்தில் உட்காரச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

மூன்றாவது ஞாயிறு, மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னைக்குப் போகாதீங்க. நாம ரெண்டு பேரும் இங்கயே ஜெபம் பண்ணிக்கலாம்."

"நான் போகலைன்னா சத்தத்தை யாரு பாப்பா? உனக்கே கேக்காதே."

"எனக்குச் சத்தம் வேணாங்க."

விரல்களை மெல்ல விடுவித்துக்கொண்டு, பதினொன்றரைக்கெல்லாம் வந்துவிடுவதாகச் சொல்லிப் போனார். சொன்னபடி வந்தார். மனைவி தூங்கிக்கொண்டிருந்தார். புதன்கிழமை மத்தியானம், இவர் கடையில் இருக்கும்போது, அந்த அம்மா போய்விட்டார்.

அடக்க ஆராதனை அன்று ஆலயம் நிரம்பியிருந்தது. முதல் வரிசையில், சவப்பெட்டிக்கு எதிரே, அவரையும் மகளையும் உட்காரவைத்தோம். போதகர் கடைசி ஜெபத்தை ஆரம்பித்தபோது மைக் கீச்சிட்டது. நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தோம். இவர் எழுந்தார். யாரையும் பார்க்காமல், தலை குனிந்தபடி, நடுப்பாதையில் பின்னால் நடந்து போய்க் குமிழைத் திருகினார். சத்தம் நின்றது. கை பழக்கத்தில் அடுத்த குமிழையும் சரிசெய்தது. 'ஆமென்' என்று எல்லாரும் சொன்னபோதுதான் தான் எங்கே நிற்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது. முன்னால் பெட்டியை மூடிக்கொண்டிருந்தார்கள். மகள் திரும்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள். "இன்னைக்காவது உக்காந்திருக்கலாம்லப்பா?"

அதன்பின் ஒரு மாதம் இருவருக்கும் நடுவில் சாப்பாடு, சாவி, தண்ணீர் என்பதைத் தாண்டிப் பேச்சில்லை.

போதகர் பார்க்க வந்தபோது, இவர் ஆம்ப்ளிஃபையர் அலமாரிச் சாவியை எடுத்துப் போதகர் கையில் வைத்தார்.

"என்னால முடியல பாஸ்டர்."

"உங்கள உக்கார விடாதது நாங்கதான். எல்லாம் நல்லாக் கேட்டுச்சு, அதனால யாரும் திரும்பிப் பாக்கல. மன்னிச்சுக்கங்க."

"நீங்க என்ன பண்ணுவீங்க? கூப்பிட்டவ அவ. போகாதவன் நான்."

ஒரு கணக்கு வாத்தியார் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டார். மைக் அடிக்கடி அலறியது, சபை பிழைத்துக்கொண்டது. இவர் நாலாவது வரிசையில் வந்து உட்கார்ந்தார். ஆனால் காது கேட்டால்தானே? இடது ஒலிபெருக்கி இரைவதும், பாடகர் குழுவில் ஒருவரின் குரல் எடுபடாததும்தான் மண்டைக்குள் ஓடியது. பிரசங்கம் எதைப் பற்றி என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது.

அதனால் வியாழக்கிழமை தோறும் இரண்டு மணிக்குக் கடைக் கதவை இறக்கிவிட்டு, ஆளில்லாத ஆலயத்துக்கு வர ஆரம்பித்தார். மின்விசிறிகூடப் போடமாட்டார். முதல் வாரம் உட்கார்ந்தபடியே தூங்கிப்போனார், குறட்டை கேட்டுக் காவலாளி எட்டிப் பார்த்தார். அடுத்த வாரமும் தூக்கம். இருபத்திரண்டு வருடத்து அலுப்பு, லேசில் தீருமா? மூன்றாவது வாரம் தூக்கம் வரவில்லை. ஆயிரம் ஜெபங்களுக்குச் சத்தம் வைத்தவருக்குத் தன் வாயால் ஒன்று சொல்ல வரவில்லை. வெகுநேரம் கழித்து, "ஆண்டவரே, அவ கையை நான் விட்டுட்டேன்" என்றார். அதற்குமேல் அழுகைதான்.

ஒரு வியாழன், கல்லூரி விட்டு வந்த மகள் கடை பூட்டியிருப்பதைக் கண்டு, விசாரித்துக்கொண்டு ஆலயத்துக்கு வந்தாள். அப்பா உட்கார்ந்திருந்த வரிசையிலேயே, இரண்டு கை தூரம் விட்டு உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் போனது. வெளியே வந்து செருப்பு மாட்டும்போது கேட்டாள்.

"இவ்வளவு நேரம் என்னப்பா கேட்டீங்க சாமிகிட்ட?"

"ஒண்ணும் கேக்கலம்மா. சும்மா இருந்தேன்."

"அம்மா இதத்தான் கேட்டாங்க."

"தெரியும்மா."

அவள் சொன்னதில் கோபம் இருந்தது. ஆனாலும் அடுத்த வியாழனும் வந்தாள். இன்றும் இருவரும் வருகிறார்கள். சில நாள் அவர் தெளிந்த முகத்தோடு போகிறார். சில நாள் கண் சிவந்து, மகள் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்குகிறார்.