என் மனைவி படித்த எட்டாம் வகுப்பு

போன ஞாயிற்றுக்கிழமை தம்பிக்குப் பெண் பார்க்கத் திருவொற்றியூர் போனோம். அம்மா, நான், என் மனைவி சரோஜா, மாப்பிள்ளைப் பையன் — நாலு பேர். பஜ்ஜி வந்தது. பெண்ணும் வந்தது. லட்சணமான பெண். தம்பி பஜ்ஜியை மறந்துவிட்டான்.

அம்மா நகை கேட்கவில்லை. சமையல் தெரியுமா என்று கேட்கவில்லை. கேட்டது ஒரே கேள்வி.

"பொண்ணு இன்னா படிச்சிகீது?"

"அஞ்சாங் கிளாசும்மா. பொம்பளப் புள்ளைக்கு இன்னாத்துக்குன்னு நிறுத்திட்டோம்" என்றார் பெண்ணின் அப்பா.

அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது.

கையெழுத்துக்குப் பதில் கட்டைவிரல் வைக்கிற என் அம்மாவா இது? எனக்குப் பெண் தேடியபோது, "எழுத்து கத்த பொண்ணு வாணாம்டா, புருசனுக்கு ஆயுசு நிக்காது" என்று ஒப்பாரி வைத்தவளாயிற்றே! சரோஜா எட்டாம் வகுப்பு பாஸ். நான்தான் பிடிவாதமாகக் கட்டிக்கொண்டேன்.

அப்புறம் ஒரு மழைக்காலம். எங்கள் ராயபுரத்தில் வாந்திபேதி. எனக்கும் வந்தது. காலையில் ஆரம்பித்து மத்தியானத்துக்குள் கண் குழிவிழுந்து, குரலும் போய்விட்டது. தாகம் என்றால்... அப்படி ஒரு தாகம்! "தண்ணி" என்று முனகினேன். வழக்கம் உங்களுக்குத் தெரியுமே — பேதிக்காரனுக்குச் சொட்டுத் தண்ணீர் தரமாட்டார்கள்.

"குடுக்காத! குடுத்தா இன்னும் புடுங்கிகினு போவும்" என்று அம்மா செம்பைப் பறிக்க வந்தாள். பாவம், பெற்ற வயிறு. என்னைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தாள்.

சரோஜா செம்பை விடவில்லை.

"போறது பூரா தண்ணி அத்தே. உள்ள ஊத்தலேன்னா ஆளு காஞ்சி பூடுவாரு. இஸ்கூல்ல படிச்சிகீறேன்."

உப்புப் போட்ட கஞ்சித்தண்ணியை மடக்கு மடக்காக ஊற்றினாள். வாந்தி எடுத்தேன். மறுபடி ஊற்றினாள். தெருவே கூடி நின்று வைதது. "ஆஸ்பத்திரிக்குப் போனவன் எவன் திரும்பினான்?" என்றார்கள். அவள் ஜட்கா பிடித்து என்னை ஏற்றினாள். வண்டியிலும் ஊற்றிக்கொண்டே வந்தாள்.

"அந்தக் கஞ்சி உள்ளே போகலேன்னா, இவர் இங்கே வந்து சேர்ந்திருக்க மாட்டார்" என்றார் டாக்டர். கூடவே வந்திருந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

படித்தவன் மட்டும் சாகாமல் இருக்கிறானா என்று கேட்பீர்கள். நான் இன்டர்மீடியட். என் படிப்பும் என்னோடு சேர்ந்து பாயில்தானே கிடந்தது! படிப்பு நோயாளியிடம் இருந்து என்ன பிரயோஜனம்? செம்பைப் பிடித்திருக்கிறவரிடம் அல்லவா இருக்க வேண்டும்? நம் வீடுகளில் செம்பு யார் கையில் இருக்கிறது, சொல்லுங்கள்... மயிலாப்பூர்ச் சிநேகிதர்கள் தங்கள் மனைவி பி.ஏ. என்று பீற்றிக்கொள்ளட்டும். என் மனைவி எட்டாவது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வேன்.

சரி, திருவொற்றியூருக்கு வருவோம். பெண்ணின் அப்பா தவித்துப் போனார்.

"படிப்பு கம்மிதாம்மா. ஆனா சொன்ன பேச்ச தட்டாது."

"அதான் நைனா பேஜாரு!" என்றாள் அம்மா, சரோஜாவைக் காட்டி. "இவ என் பேச்ச கேட்டிருந்தா, எம் பெரிய புள்ள இன்னிக்கி ஏது?"

தம்பியின் முகத்தில் ஈயாடவில்லை. அம்மா அவனைப் பார்த்தாள். பெண்ணைப் பார்த்தாள். மனசு இளகிவிட்டது.

"பொண்ணு புடிச்சிகீது, கட்டிக்கிறோம். படிப்ப மூத்தவ சொல்லிக் குடுப்பா. மொதப் பாடம் — என் பேச்ச எப்போ கேக்கக் கூடாதுன்னு!"