மனிக்கட்டு

நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தோட்டவெளியில் கல்வீடு கட்டினேன், மூன்று பிள்ளைகளைப் படிப்பித்தேன். சண்டையால் பாதை பூட்டிக் கிடந்த காலத்தில், எக்ஸ்றே பிலிமே வராத எங்கள் சின்ன ஆஸ்பத்திரியில், தண்ணீர் வாளி தூக்க வேலைக்கு வந்த நான் முறிந்த கைகளுக்கென்று ஓர் அறையை உருவாக்கினேன். உடைந்த கதிரைகளில் மேசை செய்தேன். கையைத் தூக்கிக் கட்டும் கொக்கி, பழைய வள்ளமொன்றில் கழற்றியது. பெருமை பேசுகிறேன் என்பீர்கள். என்னைப் பற்றி வேறு யார் பேசினார்கள்?

போன கிழமை என் சைக்கிளுக்குக் குறுக்கே ஒரு கழுதை வந்தது. மன்னார்க் கழுதைக்கு வழிவிடத் தெரியாது. விழுந்து பார்த்தால் என் கை கவிழ்த்த அகப்பைபோல வளைந்திருக்கிறது. படம் எடுக்க முன்னமே எனக்குத் தெரியும், என்ன முறிவென்று.

இப்போது முறிவுக்குச் சுற்றுகிற பச்சைப் பட்டிக்கு மணமே இல்லை. அந்நாளில் துணிப்பட்டியில் பிளாஸ்டர் மாவை நானே தேய்த்துச் சுருட்டி வைப்பேன். நனைத்தால், புதிதாக வெள்ளையடித்த சுவரில் மழை பட்டதுபோல மணக்கும்.

அந்த மணத்தோடு பெரியமடு வயல்காரர் ஒருவர் நினைவுக்கு வருகிறார். மாடு தள்ளி விழுந்து முன்கை முறிந்தவர். "ரெண்டு எலும்பில ஒண்டுதான் முறிஞ்சிருக்கு," என்றார் அப்போது எங்களுக்கிருந்த ஒரே டொக்டர். நான் மணிக்கட்டிலிருந்து விரலால் அழுத்திக்கொண்டே மேலே போனேன். நடுக்கையைத் தாண்டியதும் அவர் கத்தினார்: "விடடா, கொல்லப் போறியோ?"

"ஐயா, ரெண்டும் முறிஞ்சிருக்கு," என்றேன் டொக்டரிடம்.

முழங்கைக்கு மேலே வரை கட்டினோம். பத்து நாள் கழித்து அபூர்வமாகப் பிலிம் வந்தது, படம் எடுத்தோம். இரண்டும்தான்!

அன்றைக்கே டொக்டர் பதிவுப் புத்தகத்தை என் பக்கம் தள்ளினார். "நீரே எழுதும். கை உம்மட, கையெழுத்து என்ர." இருவரும் சிரித்தோம். பிறகு ஒவ்வொரு முறிவையும் நான் படம் கீறி எழுதினேன். அவர் ஒப்பமிட்டார். இன்றைக்கு அந்தச் சிரிப்பு கசக்கிறது.

ஏனென்றால், எனக்குப் பட்டி சுற்றிய இளம் டொக்டர் ஆஸ்பத்திரி வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் அதே புத்தகத்தைக் காட்டினார். "பாத்தீங்களே ஐயா, அந்த டொக்டர் தமிழிலயே எவ்வளவு வடிவா எழுதி வச்சிருக்கிறார்!"

"அது நான் எழுதினது, தம்பி."

"நீங்களோ? தண்ணி வாளி தூக்கத்தான் வேலைக்கு வந்தனான் எண்டு இப்பதானே சொன்னனீங்கள்!"

பக்கத்தில் நின்ற தாதிப்பிள்ளையும் சிரித்தாள்.

டொக்டர் வெளிநாட்டில் காலமாகிவிட்டார். என் அறை இப்போது மருந்துப் பெட்டி அடுக்கும் இடம். மேசையும் கொக்கியும் போன இடம் தெரியாது. மிச்சம் அந்தப் புத்தகம் ஒன்றுதான். அதன் கீழே அவருடைய பெயர் மட்டும்.

ஆஸ்பத்திரிக்காரரே, பெட்டியைத் திறந்து வாசியுங்கள். டொக்டர் என்றால் இங்கிலிசில் எழுதியிருப்பார். தமிழ் எனக்குத்தான் வேண்டியிருந்தது, அதுவும் பிழையாக. பக்கத்துக்குப் பக்கம் 'மனிக்கட்டு' என்று கிடக்கும். படித்த எவரும் செய்யாத பிழை அது. இந்தக் கட்டுரையை என் மருமகள்தான் திருத்தித் தந்தாள். தலைப்பில் மட்டும் கைவைக்க நான் விடவில்லை.

ஒப்பம் அவருடையது, அதை நான் கேட்கவில்லை. எழுதினதும் கட்டினதும் யாரென்று தெரிய, அந்தக் கண்ணாடியில் என் பெயரைப் போடுங்கள். நான் உயிரோடு இருக்கும்போதே போடுங்கள்.